ரப்பர் கடைக் கணக்குக்கு போஸ்ட்கிரெஸ்: குலசேகரத்திலிருந்து ஒரு விமர்சனம்

கடைக் கணக்குக்கு எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறேன். பில் அடிக்கும் திரை எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதற்கு அடியில் தகவலைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் எது, தப்பான தகவல் வந்தால் அது பேசாமல் வாங்கிக்கொள்ளுமா, முடியாது என்று திருப்பி அனுப்புமா என்பதை முதலில் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் போஸ்ட்கிரெஸ்க்யூஎல், சுருக்கமாக போஸ்ட்கிரெஸ், நான் பழகிப் பார்த்தவற்றில் முதலிடம். இலவசம் என்பது அப்புறம்தான். ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை எங்கே போனது என்பதையும் கீழே எழுதியிருக்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்கு ரப்பர் கடை. பால், ஷீட், ஒட்டுப்பால் எல்லாம் எடுக்கிறோம், சீசனில் நல்லமிளகும் கிராம்பும் வரும். கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எடை போட்டு, பெருக்கி, பணம் கொடுக்கிற சின்ன வேலையாகத் தெரியும். உள்ளே இருக்கும் தகவலைப் பிரித்துப் பார்த்தால்தான் அதன் சிக்கல் புரியும். பாலுக்கு எடைக்குக் காசு கிடையாது. அதில் எவ்வளவு உலர் ரப்பர் இருக்கிறது என்று பார்த்து, அந்த டிஆர்சி சதவீதத்துக்குத்தான் காசு. 120 கிலோ பால் வருகிறது, டிஆர்சி 34 என்றால் உலர் எடை 40.8 கிலோ. கிலோவுக்கு 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 7,344 ரூபாய். ஷீட்டுக்கு கிரேடு உண்டு, ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5 என்று. ஆர்எஸ்எஸ் என்பது புகையில் உலர்த்திய ஷீட்டைக் குறிக்கும் சுருக்கம். கோட்டயத்தில் ரப்பர் வாரியம் அறிவிக்கும் விலையை ஒட்டி எங்கள் விலை தினமும் மாறும். சிலர் ஷீட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, விலை ஏறட்டும் என்று சொல்லிப் போய்விடுவார்கள். சரக்கு எங்களிடம், விலை முடியவில்லை. சிலர் மழைக்காலத்தில் பால் வெட்டு நிற்கும்போது முன்பணம் வாங்கியிருப்பார்கள், அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும். இதோடு, லைசென்ஸ் வைத்திருக்கும் டீலர் வாங்கியதையும் விற்றதையும் பதிந்துவைத்து வாரியத்துக்குக் கணக்கு காட்டவும் வேண்டும்.

இதெல்லாம் ரொம்ப நாள் எக்ஸெல்லில்தான் ஓடிக்கொண்டிருந்தது. எக்ஸெல்லை நான் குறை சொல்ல மாட்டேன், கணக்குப் போட்டுப் பார்க்க அதைவிடச் சுலபமான கருவி இல்லை. ஆனால் அது தகவலைப் பாதுகாத்து வைக்கிற இடம் கிடையாது. எண்களில் 15 இலக்கங்களைத்தான் அது துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், ஒரு எச்சரிக்கையும் வராது. முன்னால் பூஜ்யம் இருக்கும் எண் என்றால் பூஜ்யம் காணாமல் போகும். விவசாயிக்கு ஆன்லைனில் பணம் அனுப்பும் கடையில் இது விளையாட்டு விஷயம் இல்லை. உலகம் முழுக்க மரபணு ஆராய்ச்சியாளர்கள் அடிக்கும் சில மரபணுப் பெயர்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020இல் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றினார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் கொரோனா நோயாளிகள் பட்டியலில் 15,841 பேர் விடுபட்டுப் போனார்கள். பழைய எக்ஸெல் கோப்பு வடிவத்தில் 65,536 வரிகளுக்கு மேல் இடம் இல்லை, மிச்சம் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டது. அவ்வளவு பெரிய அரசு அமைப்புக்கே நடந்தது, சந்தைக் கடைக்கு நடக்க எவ்வளவு நேரமாகும்?

எனக்கு டேட்டாபேஸின் அருமையை உணர்த்தியது எஸ்பிடிதான். ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு எவ்வளவு பழக்கமான வங்கி என்று சொல்லவே வேண்டாம். 2017 ஏப்ரல் 1ஆம் தேதி அது எஸ்பிஐயோடு இணைந்தது, அதற்கப்புறம் கிளைகளின் ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் எல்லாம் மாறின. எக்ஸெல்லில் ஒவ்வொரு விவசாயியின் வரியிலும் வங்கிப் பெயர், கிளை, குறியீடு எல்லாம் திரும்பத் திரும்ப எழுதியிருக்கும். ஒரே கிளையை ஒருவர் வரியில் ஒரு மாதிரி, இன்னொருவர் வரியில் வேறு மாதிரி எழுதியிருக்கும். குலசேகரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு ஹெச் போடுபவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. அப்போது தேடி மாற்றுவது என்பது தேடிக்கொண்டே இருப்பதுதான். வங்கிக் கிளைகளுக்கு என்று தனி அட்டவணை இருந்து, விவசாயி வரியில் கிளையின் எண் மட்டும் இருந்திருந்தால் ஒரு கிளைக்கு ஒரு வரியை மாற்றினால் போதும், அதில் கணக்கு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் மாறிவிடும்.

ஒரு தகவல் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும், மற்ற இடங்களிலிருந்து அதைக் கை காட்டினால் போதும் என்ற இந்த யோசனை ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் என்ற கணிதக்காரர் 1970இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது. தகவலை அட்டவணைகளாகப் பிரித்துவைத்து, வேண்டும்போது ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பது என்கிற முறையே அவர் போட்ட பாதை. அதற்கான கேள்வி மொழி எஸ்க்யூஎல்லும் 1970களில் ஐபிஎம்மில்தான் பிறந்தது. காட் வழியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் குழு முதலில் இங்க்ரெஸ் என்று ஒன்று செய்தது, அதற்குப் பின்னால் 1986இல் தொடங்கியது போஸ்ட்கிரெஸ். எஸ்க்யூஎல் சேர்த்து 1996இல் இப்போதைய பெயர் வந்தது. காட், ஸ்டோன்பிரேக்கர் இருவருமே கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வாங்கியவர்கள். இவ்வளவு ஆழமான வேலை காசில்லாமல் நம் கடை மேசைக்கு வருகிறது என்பது எனக்கு இன்னமும் நம்ப முடியாத கொடையாகத்தான் தெரிகிறது.

சரி, மறுப்பது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து குமிழ் இருக்கிறதா, அழுக்கு இருக்கிறதா என்று பார்த்து கிரேடு பிரிப்பது போல, போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு வரியையும் உள்ளே விடுவதற்கு முன்னால் தூக்கிப் பார்க்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று நாம்தான் சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்துவிட்டால் அப்புறம் அது அசராது, சித்தப்பாவே வந்து அடித்தாலும் விடாது.

முதல் காவல் பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் சாவி. எங்கள் பக்கம் ஒரே பெயரில் எத்தனை பேர்! ராஜன் என்று தேடினால் திரை நிறைய வரும். ஊர்க்காரர்கள் விளைப் பெயரை, அதாவது வீடு இருக்கும் தோட்டத்தின் பெயரை, முன்னால் சேர்த்து ஆளைப் பிரித்துக்கொள்வார்கள், கம்ப்யூட்டருக்கு அது போதாது. விளை பெயரை ஒருவர் மாற்றிச் சொல்வார், இன்னொருவர் மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் போய் இருப்பார். போன் நம்பரைச் சாவியாக வைக்கலாம் என்று பலர் சொல்வார்கள். வைக்காதீர்கள், நம்பர் மாறும், ஒரே நம்பரை அப்பாவும் மகனும் கொடுப்பார்கள். கடையே ஒரு கணக்கு எண் போட்டுக் கொடுப்பதுதான் சரி. ஒரு முறை கொடுத்த எண்ணை ஜென்மத்துக்கும் வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது.

அடுத்தது ஃபாரின் கீ, ஒரு அட்டவணை இன்னொன்றைக் கை காட்டும் கட்டு. கிரேடுகளுக்குத் தனி அட்டவணை வைத்து, வரவுச் சீட்டில் கிரேடு எழுதும் இடம் அந்த அட்டவணையில் இருப்பதை மட்டும்தான் ஏற்கும் என்று கட்டிவிட்டோம். 'ஆர்எஸ்எஸ்-4', 'நாலாம் கிரேடு', 'கிரேடு 4' என்று ஒரே சரக்குக்கு இருந்த வேஷங்கள் எல்லாம் அன்றோடு போயின. அதேபோல கணக்கில் இல்லாத ஆளுக்குச் சீட்டு போட முடியாது, சீட்டு இருக்கும் ஆளைக் கணக்கிலிருந்து அழிக்கவும் முடியாது. இந்தக் கடைசி விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஆளை அழித்துவிட்டு அவர் பெயரில் இருந்த சீட்டுகள் மட்டும் அனாதையாகக் கிடக்கும் கோப்புகளை எத்தனையோ கடைகளில் பார்த்திருக்கிறேன்.

உள்ளே வரும் மதிப்பு நாம் சொன்ன நிபந்தனைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் செக் என்ற விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 எழுத்து. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். அந்த ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில 'ஓ' அடிப்பது எல்லோரும் செய்வது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, பணம் போகாது. ஒரே ஒரு வரி செக் விதி எழுதினோம், அந்தப் பிரச்சினையே முடிந்தது. விலை முடியாத சரக்குக்கும் இப்படித்தான். சீட்டில் விலையும் விலை முடித்த தேதியும் இரண்டும் காலியாக இருக்கலாம், இரண்டும் நிரம்பியிருக்கலாம், ஒன்று மட்டும் இருக்கக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறோம். இதனால் எந்தத் தேதி விலைக்கு முடித்தோம் என்று விவசாயி கேட்கும்போது பதில் இல்லாமல் நிற்கும் நிலை வரவே வராது.

டிஆர்சிக்கும் எல்லை வைத்திருக்கிறோம். 3.4 என்றோ 340 என்றோ அடித்தால் ஏற்காது. ஆனால் 34க்குப் பதில் 43 அடித்தால்? அது நடக்கக்கூடிய எண்தான், விதி ஒன்றும் செய்யாது. மேலே சொன்ன 120 கிலோவுக்கு உலர் எடை 51.6 ஆகி, 9,288 ரூபாய் போகும், வித்தியாசம் 1,944 ரூபாய். இதை எந்த டேட்டாபேஸும் தானாகப் பிடிக்காது. அந்த விவசாயியின் முந்தைய சீட்டுகளின் சராசரியோடு ஒப்பிட்டு, ரொம்ப விலகிப் போனவற்றை மட்டும் காட்டும் ஒரு வியூ, அதாவது சேமித்துவைத்த கேள்வி, எழுதி, பணம் கொடுக்கும் முன்னால் அதைப் பார்க்கிறோம். உள்ளே நுழையும்போது மறுக்க முடிவதை மறுத்துவிட்டால், சந்தேகத்துக்குரியதைத் தேடும் பட்டியல் சின்னதாகிவிடும், மனிதக் கண் அதில் நிற்கும். முழுவதையும் மனிதக் கண்ணிடம் விட்டால் ஒன்றிலும் நிற்காது.

விலை பற்றி இன்னொன்று. தகவல் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்றால், அன்றாட விலை அட்டவணையில் விலை இருக்கிறதே, சீட்டில் எதற்கு மறுபடி எழுத வேண்டும் என்று தோன்றும். எழுதத்தான் வேண்டும். விலை அட்டவணை சொல்வது அன்று கடை அறிவித்த விலை, சீட்டு சொல்வது அந்த ஆளோடு நாம் முடித்த விலை, இரண்டும் வேறு வேறு உண்மைகள். நாளைக்கு விலை அட்டவணையில் ஏதாவது திருத்தினால் பழைய சீட்டுத் தொகை மாறக் கூடாது. பாக்கித் தொகைக்கு இதற்கு நேர் எதிரான முடிவு. யாருடைய பாக்கியையும் நாங்கள் எங்கும் எழுதி வைப்பதில்லை. சீட்டு, கொடுத்த பணம், முன்பணம் மூன்றையும் கூட்டிக் கழித்து கேட்கும்போது கணக்கிட்டுத் தரும். எழுதி வைத்த பாக்கி என்றைக்காவது ஒரு நாள் சீட்டுகளோடு ஒத்துப்போகாமல் நிற்கும், அப்போது எதை நம்புவது?

பணத்துக்கு தசம எண்ணை அப்படியே துல்லியமாக வைக்கும் நியூமெரிக் என்ற வகையைத்தான் பயன்படுத்த வேண்டும், இதில் சமரசம் கூடாது. தோராயமாக வைக்கும் ஃப்ளோட் வகையில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும், கம்ப்யூட்டர் இரும எண்ணில் கணக்குப் போடுவதால் வரும் வினை. உலர் எடையை எடையிலிருந்தும் டிஆர்சியிலிருந்தும் தானே கணக்கிட்டு நிரப்பும் வசதி 12ஆம் பதிப்பிலிருந்து உண்டு, அதனால் அந்த எண்ணைக் கையால் யாரும் மாற்ற முடியாது.

மற்ற டேட்டாபேஸ்களும் இதெல்லாம் செய்யுமே என்று கேட்பீர்கள். செய்யும், ஆனால் கவனம் வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் செக் விதியை எழுதினால் 8.0.16க்கு முந்தைய பதிப்புகளில் அது எழுத்தை ஏற்றுக்கொண்டு விதியை அப்படியே ஒதுக்கிவிடும். விதி இருக்கிறது என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். 2019இல்தான் அது நிஜமாக வேலை செய்யத் தொடங்கியது. பழைய பதிப்பில் ஓடும் பில்லிங் மென்பொருள்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. எஸ்க்யூலைட் அருமையான பொருள், உங்கள் கையில் இருக்கும் போனுக்குள்ளேயே அது ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் எண் எழுத வேண்டிய இடத்தில் 'நாளைக்கு' என்று எழுதினாலும் வழக்கமாக வாங்கி வைத்துக்கொள்ளும். வகையைக் கண்டிப்பாகப் பார்க்கும் ஸ்டிரிக்ட் அட்டவணைகள் 2021இல் வந்தன, அட்டவணை உருவாக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள் என்றால் எஸ்க்யூலைட்டே போதும், தயங்காமல் போடுங்கள். எங்களுக்கு எடை மேடையில் ஒருவர், கல்லாவில் ஒருவர், சில நேரம் வீட்டிலிருந்து நான் என்று ஒரே நேரத்தில் வேலை நடக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒருவர் எழுதும்போது இன்னொருவர் படிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. பகிர்ந்த எக்ஸெல் கோப்பை ஒருவர் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போய், மற்றவர்கள் காத்திருந்த காலமெல்லாம் போயிற்று.

தமிழில் பெயர் எழுதி வைப்பவர்கள் இந்தப் பகுதியை விடாமல் படியுங்கள். கொல்லங்கோடு என்ற பெயரில் 'கொ' இருக்கிறதே, அந்த ஒகரக் குறியை, எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் உலகப் பொது முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் வைக்கலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். தட்டச்சு முறையைப் பொறுத்தும், பிடிஎஃப்பிலிருந்து எடுத்து ஒட்டும்போதும் மாறி வரும். தேடினால் ஒரு கொல்லங்கோடு வரும், இன்னொன்று வராது, ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸ் 13ஆம் பதிப்பிலிருந்து இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் நார்மலைஸ் வசதி இருக்கிறது. அந்த வடிவத்தில் இல்லாத பெயரை ஏற்காதே என்று செக் விதியும் போடலாம், போட்டிருக்கிறோம்.

அகரவரிசையும் அப்படித்தான். கருங்கல், கல்குளம், கன்னியாகுமரி என்றுதான் தமிழில் வர வேண்டும், னகரம் கடைசி எழுத்து. யூனிகோடு எண் வரிசையில் னகரம் ரகரத்துக்கு முன்னால் நிற்பதால் கன்னியாகுமரி முதலில் வந்துவிடும். ஜகரத்தில் தொடங்கும் பெயர்கள் சகரத்துக்குப் பின்னாலேயே நுழைந்துவிடும். நம் மாவட்டத்தில் ஜகரப் பெயர்களுக்கா பஞ்சம், பட்டியலே குழம்பிப் போகும். போஸ்ட்கிரெஸ்ஸில் பல மொழிகளின் எழுத்து விதிகள் அடங்கிய ஐசியூ என்ற மென்பொருள் தொகுப்பின் தமிழ் வரிசையைக் கேட்டால் எல்லாம் சரியாக வரும், 10ஆம் பதிப்பிலிருந்து இது உண்டு. பழைய பாமினி எழுத்துருவில் அடித்த பட்டியல் கையில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள். அப்படியே ஏற்றினால் உள்ளே போவது தமிழே இல்லை, ஆங்கில எழுத்துக் குவியல்.

மின்வெட்டு. மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மரம் சாய்ந்து லைன் அறுந்து போவது சாதாரணம். 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பர் மரங்கள் கூட்டம் கூட்டமாக விழுந்ததையும், நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததையும் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று கரண்ட் போனால் டேட்டாபேஸ் என்ன ஆகும்? போஸ்ட்கிரெஸ் எந்த மாற்றத்தையும் முதலில் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டு, அப்புறம்தான் முடிந்தது என்று சொல்லும். 2001இல் வந்த 7.1 பதிப்பிலிருந்து இப்படித்தான். திரும்ப எழுந்ததும் அந்தப் பதிவேட்டைப் படித்து விட்ட இடத்தைச் சரிசெய்துகொள்ளும். பணம் கொடுத்ததைப் பதியும்போது முன்பணக் கழிவையும் சேர்த்து ஒரே டிரான்சாக்ஷனாக வைத்திருக்கிறோம், இரண்டும் நடக்கும் அல்லது இரண்டுமே நடக்காது. பாதிப் பதிவு என்று ஒன்று கிடையாது. பல தடவை கரண்ட் போய் வந்திருக்கிறது, ஒரு சீட்டுகூடக் கெட்டதில்லை. யூபிஎஸ் வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை, ஹார்டு டிஸ்க்கே பழுதானால் எந்தப் பதிவேடும் உதவாது.

அதனால் பேக்கப். முழுத் தகவலையும் ஒரு கோப்பாக எடுத்துத் தரும் பிஜி டம்ப் என்ற கட்டளை தினமும் ராத்திரி தானாக ஓடுகிறது. ஒரு பிரதி கடைப் பென்டிரைவில், ஒரு பிரதி வேறு ஊரில் இருக்கும் அத்தை வீட்டு கம்ப்யூட்டரில். எடுத்த பேக்கப்பை வேறொரு லேப்டாப்பில் அவ்வப்போது ஏற்றிப் பார்த்து, பாக்கித் தொகை கடையில் இருப்பதோடு ஒத்துவருகிறதா என்று பார்க்காவிட்டால் அதை பேக்கப் என்று நினைக்காதீர்கள்.

இங்கே ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் நாங்கள் ஒரு பில்லிங் மென்பொருள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தோம். அதன் கோப்பு அதற்கு மட்டுமே புரியும். வேறு முறைக்கு மாறப் போகிறோம், எங்கள் தகவலை எடுத்துத் தாருங்கள் என்று கேட்டதும் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் ஆள் வந்து, எடுத்துத் தர தனிக் கட்டணம் என்றார். எங்கள் விவசாயிகளின் பெயரும் கணக்கும், அதற்கு எங்களிடமே விலை! காகிதச் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருந்ததால் அவற்றை வைத்து மறுபடி ஏற்றினோம். போஸ்ட்கிரெஸ்ஸில் டம்ப் எடுத்தால் சாதாரண எழுத்துக் கோப்பாகவே எடுக்கலாம், நோட்பேடில் திறந்து படிக்கலாம், இன்னொரு டேட்டாபேஸுக்குக் கொண்டுபோகலாம். எந்த மென்பொருளை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன்னால், என் தகவலை நானே வெளியே எடுக்க முடியுமா, எடுத்துக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.

யாருக்கு எது தெரிய வேண்டும் என்பதையும் இதில் கட்டுப்படுத்த முடியும். எடை மேடையில் இருப்பவருக்குச் சீட்டு போட மட்டும் உரிமை, வங்கிக் கணக்கு எண் அவர் திரைக்கே வராது. பதிந்த சீட்டை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை, தப்பு என்றால் திருத்தச் சீட்டு போட வேண்டும். எது மாறினாலும் பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றிய ஆள், நேரம் எல்லாம் தனி அட்டவணையில் விழும்படி டிரிகர், அதாவது மாற்றம் நடந்ததும் தானாக ஓடும் கட்டளை, எழுதியிருக்கிறோம். நிறுவனச் சட்டத்தின் கீழ் வரும் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளுக்கு இப்படியொரு மாற்றப் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். எங்களைப் போன்ற குடும்பக் கடைக்கு அது பொருந்தாது, ஆனாலும் பங்காளிகள் சேர்ந்து நடத்தும் இடத்தில் இதைவிட நல்ல சமாதானக் கருவி இல்லை. அடுத்தவர் வங்கி எண்ணும் போன் எண்ணும் நம்மிடம் இருப்பது பொறுப்பான விஷயம், 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது.

சரி, அந்த அரை நட்சத்திரம். போஸ்ட்கிரெஸ் வெறும் இயந்திரம்தான், திரை கிடையாது. நிறுவி முடித்ததும் சீட்டு போடலாம் என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றமாக இருக்கும். கூட வரும் பிஜி அட்மின் நிர்வாகம் பார்ப்பவருக்கானது, கல்லாவில் இருப்பவரிடம் அதைக் கொடுக்கவே கூடாது. திரைகளை யாராவது செய்து தர வேண்டும். நாங்கள் தக்கலையில் ஒரு தம்பியைப் பிடித்து பிரவுசரில் திறக்கும் சின்னத் திரைகளாகச் செய்துகொண்டோம், அதற்குச் செலவானது. லிபர்ஆபிஸ் பேஸ் என்ற இலவச மென்பொருள் வைத்து நாமே படிவம் செய்யலாம், பழகப் பொறுமை வேண்டும். மறுப்புச் செய்திகள் ஆங்கிலத்தில், அதுவும் புரோகிராமருக்குப் புரியும் ஆங்கிலத்தில் வரும். அவற்றைப் பிடித்து 'இந்தக் கிரேடு பட்டியலில் இல்லை' என்பது போலத் தமிழில் காட்டும்படி திரையில் எழுதிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் பையன்கள் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சு என்று சொல்லி நோட்டில் எழுதத் தொடங்கிவிடுவார்கள். ஆண்டுக்கொரு புதிய பெரிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. பெரிய பதிப்பு மாற்றும்போது தகவல் கோப்புகளை அப்படியே புதியதில் திறக்க முடியாது, டம்ப் எடுத்து ஏற்ற வேண்டும் அல்லது அதற்கான கருவியை ஓட்ட வேண்டும். எங்கள் அளவுக்கு ஒரு மதியத்து வேலை, ஆனால் தெரிந்த ஆள் வேண்டும்.

தினமும் பத்துப் பதினைந்து சீட்டு மட்டும் போடும் கடைக்கு இது தேவையில்லை, நல்ல நோட்டும் எஸ்க்யூலைட்டில் ஓடும் எளிய மென்பொருளும் போதும். இரண்டு பேருக்கு மேல் கணக்கில் கை வைக்கிறார்கள், முன்பணமும் விலை முடியாத சரக்கும் இருக்கின்றன என்றால் தாராளமாகப் போடலாம். ஏலக் கணக்கு பார்க்கும் மீன் வியாபாரிகள், தேன் சேகரிக்கும் சங்கங்கள், மட்டிப்பழம் மொத்தமாக அனுப்புகிறவர்கள் எல்லோருக்கும் தகவலின் வடிவம் கிட்டத்தட்ட இதுவேதான். பழைய டெஸ்க்டாப்பிலேயே எங்களுக்கு ஓடுகிறது, புதிது வாங்க வேண்டியதில்லை. நிறுவுவதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் உங்கள் கடையில் என்னென்ன அட்டவணை வேண்டும், எது எதைக் கை காட்டுகிறது, எதை ஏற்கவே கூடாது என்று உங்கள் கடைக்காரர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். எங்கள் கடையில் அந்த வேலைக்கு ஆன நேரம் மென்பொருள் நிறுவ ஆன நேரத்தைவிடப் பல மடங்கு அதிகம். பாதி விதிகளைச் சொன்னது எடை மேடை அண்ணன்தான், அவர் அதுவரை கம்ப்யூட்டர் தொட்டதில்லை.